கொள்ளிடத்து முதலையைப் படம் பிடித்த கதை

நான் ஒளிந்திருந்த கீற்று மறைவில் வெட்டியிருந்த ஓட்டை ஒரு பூவரச இலை அகலம்தான் இருக்கும். கேமராவின் மூக்கு அதில் பாதியை அடைத்துக்கொண்டது. மீதிப் பாதியில் என் வலது கண்.

பத்தடி தூரத்தில் ஒரு மணல் திட்டு. திட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர். தண்ணீருக்கு மேலே இரண்டு முடிச்சுகள் போலக் கண்கள், கொஞ்சம் முன்னால் மூக்கு. அது வெகு நேரமாக அசையவில்லை. நானும் அசையவில்லை.

வெயில் இன்னும் ஏறவில்லை. ஆனாலும் முதுகில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வாடை தெரியக்கூடாது என்று கீற்றின் மேல் சாணி கரைத்து ஊற்றியிருந்தோம். அந்த நாற்றத்தில் தலை வலித்தது. எச்சில் விழுங்கினால் சத்தம் கேட்டுவிடுமோ என்று விழுங்காமல் வைத்திருந்தேன்.

அப்போது மணலுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பூமிக்கு அடியில் ஏதோ ஒரு குழந்தை விக்குகிற மாதிரி. ஒன்று விக்கியதும் இன்னொன்று. பிறகு ஏழெட்டு ஒன்றாக.

தண்ணீரில் இருந்த அந்தக் கண்கள் கரையை நோக்கி நகர ஆரம்பித்தன.

கல்யாணப் படம் எடுக்கிறவன்

போன வாரம் சிதம்பரம் கீழவீதியில் நான் ஸ்டூடியோ வைத்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், ‘இத்தனை வருஷத்தில் நீங்கள் பயந்துகொண்டே எடுத்த படம் உண்டா?’ என்று கேட்டிருந்தார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமா கண்ணை மூடிவிடுவாரோ என்கிற பயத்தைத்தான் அவர் நினைத்திருப்பார் போல. உண்டு ஐயா. ஆனால் அது வேறு பயம்.

எனக்குச் சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. கடலைப் பார்த்து வளர்ந்தவன் என்றுதான் பேர். தண்ணீர் என்றால் எனக்கு ஆகாது. சின்ன வயதில் வெள்ளாற்றில் ஒருமுறை மூழ்கி, யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அதிலிருந்து முழங்காலுக்கு மேலே தண்ணீர் வந்தால் எனக்கு மூச்சு அடைக்கும். என் கூட்டாளிகள் எல்லாம் கப்பலேறிப் போனார்கள். நான் இருட்டறையில் உட்கார்ந்து படம் கழுவக் கற்றுக்கொண்டேன்.

அப்படிப்பட்டவனைத்தான் தேவசகாயம் சார் தேடி வந்தார்.

அவர் கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார். ஒல்லியான ஆள். பேசும்போது எதிரில் இருப்பவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசுவார். ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பதினாறு எம்.எம். சினிமா கேமரா ஒன்றை வாங்கி வைத்திருந்தார். கடிகாரம் மாதிரி சாவி கொடுத்து ஓட்டுகிற கேமரா. ஒரு தடவை சாவி கொடுத்தால் அரை நிமிஷம்கூட ஓடாது. மறுபடி முறுக்க வேண்டும். அவருக்கு வெளிச்சக் கணக்கு பிடிபடவில்லை. அவர் எடுத்த முதல் இரண்டு சுருளும் வெள்ளை வெளேரென்று வந்திருந்தன.

“காதர், எனக்கு வெளிச்சம் தெரிஞ்ச ஆள் வேணும்” என்றார்.

“என்ன படம் சார்?”

“முதலை.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கடலூர் பழைய பட்டணத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் அவர் முதலைத் தோல்களைப் பார்த்திருக்கிறார். உப்புத் தடவி, பாய் மாதிரி சுருட்டி, மோட்டுவளைவரை அடுக்கி வைத்திருந்தார்களாம். அன்றைக்கு அதைத் தடுக்கக் கேள்விமுறை கிடையாது. முதலையைச் சுட்டவனை ஊரே கும்பிட்ட காலம்.

“ஒரு தோல் உள்ளங்கை நீளம்தான் இருந்துச்சு காதர். அதையும் உரிச்சிருக்காங்க. இப்படியே போனா இன்னும் பத்து வருஷத்துல கொள்ளிடத்துல ஒண்ணுகூட இருக்காது. மேடையில நின்னு பேசுனா யாரும் கேக்க மாட்டாங்க. கண்ணால பாத்தா கேப்பாங்க.”

என் மனைவி ஜொஹரா அன்று ராத்திரி சோறு போடும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “ஜாஸ்தி கிட்டப் போவாதீங்க.”

கோவிந்தனின் கை

பழைய கொள்ளிடத்தின் கரையில் ஒரு படுகை. அங்கே வெள்ளரியும் கத்தரியும் போட்டிருந்தான் கோவிந்தன். என் வயதுதான் இருக்கும். அவனுக்கு இடது கை முழங்கையோடு முடிந்திருந்தது.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், புல்லுக்கட்டோடு ஆற்றைக் கடக்கும்போது முதலை பிடித்துவிட்டது. கரையில் நின்ற அவன் மனைவி பழனியம்மாள் தண்ணீரில் குதித்து அவனுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளே எங்களிடம் சொன்னாள். “அந்தப் பக்கம் அது இழுக்குது. இந்தப் பக்கம் நான் இழுக்குறேன். இவுரு கத்தவே இல்ல. என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தாரு. கடைசியில ஏதோ மொறிஞ்ச மாதிரி சத்தம் கேட்டுச்சி. ரெண்டு பேரும் கரையில வந்து வுழுந்தோம்.”

சொல்லிவிட்டு வெள்ளரிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

அவர்கள் படுகையை ஒட்டியிருந்த மணல் திட்டில்தான் அந்த வருஷம் முதலை முட்டையிட்டிருந்தது. கையைத் தின்றது இதே முதலைதான் என்று கோவிந்தன் சத்தியம் செய்வான். எப்படித் தெரியும் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். முட்டை எல்லாவற்றையும் தோண்டி உடைக்க அவன் நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தோம்.

“குட்டி வெளிய வர்ற வரைக்கும் விட்டுடு கோவிந்தா” என்றார் சார்.

“வந்த பொறவு?”

சார் அவனுடைய சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

“அப்புறம் உன் இஷ்டம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பி வரும்போது கேட்டேன். “என்ன சார், காப்பாத்தத்தானே படம் எடுக்குறோம்?”

“அவன் கையைப் பாத்துட்டு வேற என்ன சொல்லச் சொல்றே?” என்றார்.

பதினொரு நாள் காவல்

கத்திரி வெயில் அப்போதுதான் தணிந்திருந்தது. தென்னங்கீற்றாலும் கோரையாலும் இரண்டு பேர் குந்தி உட்காருகிற அளவுக்கு ஒரு மறைவு கட்டினோம். பின்பக்கம் ஊர்ந்து நுழைய ஒரு வழி. கீழே மண் தரை. கீற்றுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதை அடைத்துவிடலாம் என்றேன். காற்று வர வேண்டாமா என்றார் சார்.

பதினொரு நாள் போனோம். விடியற்காலையில் நுழைந்தால் வெயில் உச்சிக்கு வரும்போது வெளியே வருவோம். அது சில நாள் தண்ணீரிலேயே கிடக்கும். சில நாள் திட்டில் ஏறி, முட்டை புதைந்த இடத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும். ஒன்பதடிக்குக் குறையாது. வாயைத் திறந்தபடியே தூங்கும். அந்த வாயைப் பார்க்கும்போதெல்லாம் பழனியம்மாள் சொன்ன சத்தம் என் காதில் கேட்கும்.

கேமரா ஓடும்போது ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். முதல் நாள் அதைக் கேட்டதும் முதலை தலையைத் தூக்கி நேராக எங்களைப் பார்த்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாளிலிருந்து, காற்று அடித்துக் கீற்று சலசலக்கும்போது மட்டும் ஓட்டினோம்.

வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை என்பதை மட்டும் ஜொஹரா கவனித்தாள்.

பன்னிரண்டாம் நாள் பள்ளிக்கூடம் திறந்தது. சார் போய்க் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும். “இன்னைக்கு ஒண்ணும் நடக்காது காதர். மத்தியான பஸ்ஸுக்கு வந்துடுறேன்” என்று முந்தின நாளே சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் மணல் விக்கியது.

ஈட்டியோடு வந்தவன்

முதலை கரையேறியது. ஈர வயிறு மணலில் உரசுகிற சத்தம்கூடக் கேட்டது. நான் பொத்தானை அழுத்தினேன். கேமரா ஓடியது. முதலை அதைக் காதில் வாங்கவில்லை. முன்கால்களால் மணலைத் தள்ளித் தள்ளித் தோண்டத் தொடங்கியது.

எனக்குப் பின்னால் கோரை விலகியது. உயிரே போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் கோவிந்தன். குட்டிகளின் சத்தம் கேட்டு வயலிலிருந்து ஊர்ந்து வந்திருக்கிறான். வலது கையில் ஈட்டி. இரும்பு முனையில் புதிதாகச் சாணை பிடித்த பளபளப்பு.

என் பக்கத்தில் குந்தி, கீற்று இடுக்கில் கண்ணை வைத்தான். அவன் மூச்சில் கேழ்வரகுக் கூழ் வாசம். இரண்டு பேர் தோளும் இடித்துக்கொண்டிருந்தன. அவனும் நடுங்கினான் என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

குழிக்குள்ளிருந்து ஒரு குட்டி வெளியே வந்தது. ஓணான் அளவுதான். இன்னும் முட்டைத் தோல் முதுகில் ஒட்டியிருந்தது. முதலை தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, அதைக் கவ்வியது.

“பாத்தியா பாய்” என்று என் காதுக்குள் சொன்னான் கோவிந்தன். “பெத்ததையே திங்குது.”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆற்றோரத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். இன்னொன்று. பிறகு இன்னொன்று. பற்களுக்கு நடுவே சின்ன வால்கள் துடித்தன. கீற்று காற்றில் சலசலத்தபோதெல்லாம் சாவியை முறுக்கிக்கொண்டேன். மற்ற நேரம் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை.

அது திரும்பி மெதுவாகத் தண்ணீருக்கு நடந்தது. தண்ணீர் தாடைக்கு வந்ததும் நின்றது. வாயைத் திறந்து தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் லேசாக அசைத்தது. குழந்தைக்கு வாய் கொப்பளிக்கக் கற்றுக்கொடுப்போமே, அந்த மாதிரி.

குட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே நீந்தி வந்தன.

கோவிந்தனின் மூச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

முதலை மறுபடி வந்தது. மறுபடி வாய் நிறைய எடுத்துக்கொண்டு போனது. மூன்றாம் முறை அது திட்டில் ஏறும்போது கேமரா நின்றுவிட்டது. சாவி மறுபடி தீர்ந்துவிட்டது. முறுக்கினால் சத்தம் வரும். காற்றும் அடங்கியிருந்தது.

ஒரு சாண் இடைவெளி

அப்போதுதான் ஒரு குட்டி வழி தவறியது. தண்ணீர் பக்கம் போகாமல் எங்கள் பக்கம் ஓடிவந்தது. கீற்றுக்கு அடியில் இருந்த அந்த இடைவெளியில் நுழைந்து, உள்ளே வந்து, கோவிந்தனின் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது. நின்று, தாயைக் கூப்பிட்டது.

அந்தச் சின்ன உடம்புக்குள்ளிருந்து அவ்வளவு சத்தம்.

வெளியே மணல் தோண்டுகிற சத்தம் நின்றது.

நான் ஓட்டை வழியாகப் பார்த்தேன். முதலை எங்களைப் பார்த்து நின்றது. பிறகு நான்கு கால்களையும் ஊன்றி, வயிற்றைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு நடந்து வந்தது. எட்டடி. ஆறடி. அதன் தொண்டையிலிருந்து ஏதோ ஓர் இரைச்சல். அம்மியை நகர்த்துகிற மாதிரி.

ஓட வேண்டும் என்று தோன்றியது. கலிமா சொல்ல வாயெடுத்தேன். முதல் வார்த்தை மறந்துவிட்டது. இன்று வரை அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கோவிந்தன் குனிந்து குட்டியைப் பார்த்தான். அவன் கையில் ஈட்டி இருந்தது. ஒரு குத்துக் குத்தினால் சத்தம் அடங்கிவிடும். கீற்றுக்கு வெளியே தாயின் கழுத்து, கைக்கு எட்டுகிற தூரம். அதற்காகத்தான் அவன் இரண்டு வருஷம் காத்திருந்தான்.

அவனுக்கு இருந்தது ஒரே கை.

ஈட்டியைத் தரையில் வைத்தான். சத்தம் வராமல், தூங்குகிற பிள்ளையைக் கீழே விடுகிற மாதிரி வைத்தான். குட்டியின் வயிற்றுக்கு அடியில் விரல்களைக் கொடுத்துத் தூக்கினான். அந்த ஒரு சாண் இடைவெளி வழியாகக் கையை வெளியே நீட்டினான்.

முழங்கைவரை அவன் கை வெளியே இருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கீற்றுக்கு அந்தப் பக்கம் முதலையின் மூச்சு மணலை ஊதிற்று. அந்த மணல் என் கால்மேல் விழுந்தது. கோவிந்தன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். உதடு மட்டும் அசைந்தது.

பிறகு கையை உள்ளே இழுத்துக்கொண்டான். ஐந்து விரலும் இருந்தன. விரல்களில் பசை மாதிரி ஈரம்.

முதலை தண்ணீருக்குப் போகிற சத்தம் கேட்டது.

இதில் ஒரு நொடிகூடப் படத்தில் இல்லை. கேமராவை முறுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ரொம்ப நேரம் கழித்துத்தான் என் கைலி நனைந்திருந்ததைக் கவனித்தேன். கோவிந்தனும் கவனித்தான். தலைத் துண்டை அவிழ்த்து என் மடியில் போட்டுவிட்டு, பின்பக்கமாக ஊர்ந்து வெளியே போனான். அந்த விஷயத்தைப் பற்றி அவன் என்னிடமும் பேசியதில்லை, யாரிடமும் சொன்னதில்லை. இன்று நானே எழுதிவிட்டேன்.

மத்தியான பஸ்ஸுக்கு வந்த சார் காலி மணல் குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எடுத்தியா?” என்றார். தலையை ஆட்டினேன்.

கோவிந்தனிடம் கேட்டார். “நீ எதுவும் பண்ணலியா?”

“அதே வாயிதான் வாத்தியாரே” என்றான் அவன். “என் கைய மொறிச்ச வாயி.” மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெள்ளரிப் பாத்திக்குப் போனான்.

படம் ஊர் சுற்றியது

சுருள்களைப் பம்பாய்க்கு அனுப்பிக் கழுவ வேண்டியிருந்தது. அவை திரும்பி வரும்வரை எனக்கு வேறு பயம். ஒன்றுமே விழாமல் போயிருந்தால்?

விழுந்திருந்தது. முதலை வாயைத் திறக்கிறது, குட்டிகள் நீந்துகின்றன. சுவரில் அதைப் பார்த்தபோது சார் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் பள்ளிக்கூடங்களில் போட்டுக் காட்டினோம். நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம் பக்கமெல்லாம்கூடப் போனோம். வால்கள் துடிக்கிற இடத்தில் பிள்ளைகள் வீறிடுவார்கள். குட்டிகள் நீந்தி வரும்போது கூடம் அப்படியே அமைதியாகிவிடும். ஒரு ஊரில் பெரியவர் ஒருவர் எழுந்து, “நாங்க இத்தன காலமா தப்பாச் சொல்லிட்டோமே” என்றார். சாருக்கு அன்றெல்லாம் சந்தோஷம்.

மழைக்காலம் முடிந்திருக்கும். ஒரு நாள் காலையில் பழனியம்மாள் ஸ்டூடியோ வாசலில் நின்றாள். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்திருக்கிறாள்.

“பாய், ஜீப்புல ரெண்டு பேர் துப்பாக்கியோட வந்திருக்காங்க. படத்துல பாத்தோம், ரெட்டைப் பனையும் மதகும் தெரிஞ்சுது, அந்தத் திட்டு எங்கன்னு கேக்குறாங்க. இவுரு தெரியாதுன்னுட்டாரு. வேற யாரோ காட்டிட்டாங்க.”

அந்த ரெட்டைப் பனையை நான்தான் எடுத்தேன். வெளிச்சம் நன்றாக இருந்தது என்று எடுத்தேன்.

கடலூருக்குத் தந்தி கொடுத்துவிட்டு அவளோடு ஓடினேன். பஸ்ஸில் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே போனேன். போய்ச் சேர்ந்தபோது ஜீப் இல்லை. இரண்டு வெடிச் சத்தம் கேட்டதாகக் கோவிந்தன் சொன்னான். திட்டில் ரத்தம் சிந்தியிருந்தது. அகலமாக இழுபட்ட தடம் ஒன்று தண்ணீரில் போய் முடிந்தது. அவர்கள் எடுத்துப் போனார்களா, அது தப்பித்து ஆற்றில் இறங்கியதா, யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் சார் வந்து சேர்ந்தார். கோவிந்தன் அவரைப் பார்த்து, கோபம் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டான்.

“படம் எடுத்தாக் காப்பாத்திடலாம்னுதானே எடுத்தே வாத்தியாரே?”

சார் இழுபட்ட தடத்தின் ஓரமாகத் தண்ணீர்வரை நடந்து போனார்.

மறுநாள் இருவரும் ஸ்டூடியோ கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். இடம் காட்டிக்கொடுக்கிற காட்சி ஒவ்வொன்றையும் நான் கத்தரித்தேன். பனை, மதகு, கரைக் கோயில் எல்லாம் போயிற்று. படம் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. மிச்சத்தை ஒட்டி மறுபடி பள்ளிக்கூடங்களுக்கு எடுத்துப் போனோம். எந்த ஊர் என்று கேட்டால் சார் சொல்ல மாட்டார். ஆனால் படம் ஓடும்போது அதற்குப் பிறகு அவர் திரையைப் பார்த்ததில்லை. உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

ஒட்டி வந்த கடிதம்

அடுத்த மாசியில் எனக்கு ஒரு கவர் வந்தது. நான்கு பக்கமும் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தது. உள்ளே நோட்டுத் தாளில் நாலு வரி. யாரிடமோ சொல்லி எழுதச் செய்திருக்கிறான்.

‘பாய் அவர்களுக்குக் கோவிந்தன் எழுதிக்கொண்டது. மறுபடி முட்டை வச்சிருக்குது. அதே ஆளா வேற ஆளான்னு தெரியல. கிட்டப் போயிப் பாக்கல. வாத்தியாருகிட்ட மட்டும் சொல்லுங்க. நீங்க ரெண்டு பேரும் வர வேணாம்.’

சார் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மறுபடி படித்தார். பிறகு வெளியே போய், சைக்கிள் கேரியரில் கட்டியிருந்த கேமராப் பெட்டியை அவிழ்த்துக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தார்.

“இது உன்கிட்ட இருக்கட்டும் காதர். குட்டியெல்லாம் வெளிய வந்து ஆனி முடியிற வரைக்கும் நான் வந்து கேட்டாலும் குடுக்காத.”

இரண்டு தடவை வந்து கேட்டார். நான் கொடுக்கவில்லை.